ஆண்டர்சனின் சுயசரிதை: ஐந்து ‘முதல் பதிப்பு’களில் எதை வாங்குவது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் இரண்டு விற்பனைப் பட்டியல்களின் படத்தை அனுப்பியிருந்தார். ஒன்று லண்டன், 1847. மற்றது கோபன்ஹேகன், 1855. இரண்டுமே டென்மார்க்கின் குழந்தைக் கதை எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் சுயசரிதை. இரண்டிலுமே ‘முதல் பதிப்பு’ என்று போட்டிருந்தது. “இதில் யார் சார் பொய் சொல்கிறார்கள்?” என்று கேட்டிருந்தார்.

யாரும் பொய் சொல்லவில்லை. சிக்கல் ஆண்டர்சனிடம்தான். மனிதர் தன் கதையை ஒரு தடவை எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. 27 வயதில் எழுதினார், 41 வயதில் எழுதினார், 50 வயதில் விரித்து எழுதினார், 60-ஐத் தாண்டியும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அவை வெவ்வேறு ஊரில், வெவ்வேறு மொழியில் அச்சாயின. ஆக, ‘முதல்’ என்ற சொல்லுக்கு இங்கே ஐந்து சொந்தக்காரர்கள்.

இதேபோல மாட்டிக்கொண்டு இன்னும் சிலரும் கேட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எதை வைத்து எடை போடுவது

முதலில், எந்தப் பொருளில் ‘முதல்’ என்று பாருங்கள். உலகில் முதலில் அச்சானதா, ஆசிரியரின் தாய்மொழியில் முதலில் வந்ததா, ஆங்கிலத்தில் முதலா, ஒரு பகுதி மட்டும் முதலா?

இரண்டாவது, கதை எந்த ஆண்டோடு நிற்கிறது. சேகரிப்பாளர்கள் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இந்த நூலைப் பொறுத்தவரை இதுதான் பெரிய கேள்வி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, உங்களால் படிக்க முடியுமா? அலமாரிக்கு மட்டும் என்றால் இந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

நான்காவது, பிரதி முழுமையானதா, எந்தப் பைண்டிங்கில் இருக்கிறது? ஐந்தாவது, பட்டியலில் இருக்கும் விலைக்கு மேல் கையிலிருந்து என்ன போகும்?

விலையை எண்ணாக எழுதப்போவதில்லை. ஒரே பதிப்பின் இரண்டு பிரதிகள் பத்து மடங்கு வித்தியாசத்தில் விற்கும் தொழில் இது. எது எதைவிட மலிவு என்ற வரிசையை மட்டும் சொல்கிறேன்.

| பதிப்பு | எந்த வகையில் முதல் | கதை முடியும் இடம் |
|---|---|---|
| லைப்ஸிக், 1847 | உலகில் முதலில் அச்சானது (ஜெர்மன்) | 1846 |
| லண்டன், 1847 | ஆங்கிலத்தில் முதல் | 1846 |
| கோபன்ஹேகன், 1855 | டேனிஷில் முதல் | 1855 ஏப்ரல் 2 |
| நியூயார்க், 1871 | கடைசிப் பகுதிக்கு உலகிலேயே முதல் | 1867 டிசம்பர் |
| கோபன்ஹேகன், 1926 | முதலில் எழுதியது, இந்த ஐந்தில் கடைசியில் அச்சானது | 1831 |

லைப்ஸிக், 1847

கண்டிப்பான சேகரிப்பாளருக்கு ‘அசல் முதல்’ இதுதான். கார்ல் லோர்க் என்ற பதிப்பாளர் ஆண்டர்சனின் நூல்தொகுப்பை ஜெர்மனில் கொண்டுவந்தார். லோர்க்கும் கோபன்ஹேகனில் பிறந்தவர்தான். அந்தத் தொகுப்பின் முதல் இரண்டு பாகங்களாக வந்ததுதான் இந்தச் சுயசரிதை. ‘கற்பனை கலக்காத என் வாழ்க்கைக் கதை’ என்பது தலைப்பின் பொருள். ஆண்டர்சன் டேனிஷில் எழுதிக் கொடுத்தார், ஜெர்மனில் அச்சானது. அந்த டேனிஷ் மூலம் நூலாக வந்தது 1942-இல்தான். ஒரு டேனிஷ்காரர் டேனிஷில் எழுதிய வாழ்க்கையை அவர் ஊர்க்காரர்களுக்கு முன்பே ஜெர்மானியர்கள் படித்துவிட்டார்கள்.

பொறி எங்கே என்றால், இது தனி நூல் இல்லை. தொகுப்பின் உறுப்பு. முழுத் தொகுப்பையும் வைத்திருப்பவர் இரண்டு பாகத்தை மட்டும் பிரித்துத் தர மாட்டார். பிரிந்து வருபவையோ ஒற்றைப் பாகமாக வரும். முதல் பாகத்தை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாவதுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அப்படியே கிடைத்தாலும் பைண்டிங் பொருந்தாது. இன்னொன்று, 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நூல்கள் பெரும்பாலும் பழைய கோதிக் எழுத்தில் இருக்கும். கல்லூரியில் கற்ற ஜெர்மன் அதற்குப் போதாது. காசு கட்டுமுன் உள்பக்கம் ஒன்றின் படத்தைக் கேட்டு, நாலு வரி படிக்க வருகிறதா என்று பாருங்கள்.

யாருக்கு? உலக முதல் என்ற ஒரே அளவுகோலில் நூலகம் கட்டுபவர்களுக்கு. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

லண்டன், 1847

மதுரைக்காரர் பார்த்த முதல் நூல். மேரி ஹோவிட் ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்தது, லாங்மன் நிறுவனம் வெளியிட்டது. ‘தி ட்ரூ ஸ்டோரி ஆஃப் மை லைஃப்’ என்று பெயர். பாடகி ஜென்னி லிண்டுக்குச் சமர்ப்பணம். அதே 1847 கோடையில்தான் ஆண்டர்சன் முதல் முறையாக லண்டனுக்கு வந்தார், டிக்கன்ஸைச் சந்தித்தார். அந்த வருகையின் வாசனை ஒட்டிய நூல் என்பதால் இங்கிலாந்தில் இதற்கு எப்போதும் ஒரு மவுசு.

படிக்கவும் சுகமானது. முதல் சில பக்கத்திலேயே ஒரு கட்டில் வரும். புதிதாகக் கல்யாணமான செருப்புத் தைக்கும் தொழிலாளி, ஆண்டர்சனின் தந்தை, அவரிடம் கட்டில் வாங்கக் காசில்லை. டிராம்பே என்ற பிரபுவின் சவப்பெட்டியைத் தாங்கி நின்ற மரச்சட்டத்தை வாங்கி வந்து தானே கட்டில் செய்கிறார். பலகையில் கறுப்புத் துணியின் மிச்சம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கட்டிலில்தான் 1805 ஏப்ரல் 2-ஆம் தேதி குழந்தை அழுதுகொண்டு கிடக்கிறது. இதை 170 வருஷத்துக்கு மேலான தாளில், அச்சு சற்று அழுந்திய எழுத்தில் படிப்பது தனி ருசிதான், மறுக்கவில்லை.

குறை என்னவென்றால், இது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. டேனிஷில் எழுதியது ஜெர்மனாகி ஆங்கிலமாகியிருக்கிறது. கதையும் 1846-இலேயே நின்றுவிடுகிறது. அதன்பிறகு அவர் 29 ஆண்டுகள் வாழ்ந்தார்.

மறைந்திருக்கும் செலவு பைண்டிங்கில். அந்தக் காலத்து இங்கிலாந்து நூல்கள் பதிப்பாளரின் துணி அட்டையோடு வந்தன. வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு வீட்டு நூலகத்துக்கு ஏற்றபடி தோல் போட்டுக்கொண்டார்கள். தோல் போட்டதுதான் கண்ணுக்கு அழகு. மறுபடி விற்கும்போது மதிப்பு அசல் துணிக்குத்தான். மறுபைண்டிங்கில் அரைத்தலைப்புத் தாளும் (தலைப்புப் பக்கத்துக்கு முன்னால் நூலின் பெயர் மட்டும் இருக்கும் தாள்), கடைசியில் வரும் பதிப்பாளர் விளம்பரத் தாள்களும் காணாமல் போவது சகஜம்.

நான் இதில் அடி வாங்கியவன். அட்டைக்கும் தலைப்புப் பக்கத்துக்கும் மட்டும் படம் கேட்டு வாங்கினேன். தோல் முதுகு, தங்க எழுத்து, பார்க்கப் பட்டுப்போல இருந்தது. ராத்திரி உட்கார்ந்து புரட்டினால் கடைசிப் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. கடைசி இரண்டு தாள் இல்லை. விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்தார், அது அவர் நேர்மை. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என் தலையில். அன்றிலிருந்து எந்த நூலுக்கும் முதலில் கடைசிப் பக்கத்தின் படத்தைத்தான் கேட்கிறேன்.

அதே ஆண்டு பாஸ்டனில் ஜேம்ஸ் மன்றோ நிறுவனம் இதே ஹோவிட் மொழிபெயர்ப்பை வெளியிட்டது. அது ‘அமெரிக்க முதல்’. லண்டன் விலையில் அதை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோபன்ஹேகன், 1855

‘மித் லீவ்ஸ் ஈவென்டூர்’, அதாவது ‘என் வாழ்க்கையெனும் கதை’. ஆண்டர்சன் சுயசரிதை என்று டென்மார்க்கில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். 1847 வடிவத்தை அப்படியே வைக்காமல் திருத்தி, மிகவும் விரித்து, தன் ஐம்பதாவது பிறந்தநாள் தேதியைப் போட்டு முடித்தார். ரைட்ஸெல் நிறுவனம் வெளியிட்ட அவருடைய நூல்தொகுப்பின் 21, 22-ஆம் பாகங்கள் இவை. ஆக, லைப்ஸிக் நூலுக்குச் சொன்ன ஒற்றைப் பாகத் தொல்லை இதற்கும் உண்டு.

ஆசிரியர் தானே தன் சொந்தச் சொற்களில் வெளியிட்டது வேண்டும் என்பவருக்கு இதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் டேனிஷ் தெரிய வேண்டும். இன்றைய டேனிஷ் கற்றவருக்கும் முதலில் தடுக்கும். 1948 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துமுறை. பெயர்ச்சொல்லெல்லாம் பெரிய எழுத்தில் தொடங்கும்.

இங்கே பைண்டிங் கணக்கு லண்டனுக்கு நேர்மாறு. ஐரோப்பாவில் அன்று நூல்கள் வெறும் காகித உறையில்தான் வந்தன. வாங்கியவர்தான் பைண்டரிடம் கொடுப்பார். அதனால் அக்காலத் தோல் முதுகு பைண்டிங் என்பது இங்கே குறையே இல்லை, அதுதான் இயல்பு. காகித உறையோடு தப்பிய பிரதி அபூர்வம். அதற்கான கூடுதல் விலையைக் கொடுப்பதா என்பது உங்கள் பை சொல்ல வேண்டியது. பட்டியலில் ‘பி.எஃப்.என்.’ என்று ஓர் எண் இருந்தால் பயப்பட வேண்டாம். 1942-இல் பிர்கர் ஃபிராங்க் நீல்சன் தொகுத்த ஆண்டர்சன் நூற்பட்டியலின் வரிசை எண் அது. விற்பவர் எந்தப் பதிப்பைச் சொல்கிறார் என்பதை அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நியூயார்க், 1871

சேகரிப்பாளர்கள் மூக்கைச் சுளிப்பது இதைப் பார்த்துத்தான். “அமெரிக்க மொழிபெயர்ப்புதானே” என்பார்கள். நான் இவர்களோடு ஒத்துப்போவதில்லை.

ஹர்டு அண்ட் ஹௌடன் நிறுவனத்தில் ஹோரஸ் ஸ்கடர் என்ற பதிப்பாசிரியர் இருந்தார். அமெரிக்காவில் வெளிநாட்டு எழுத்தாளருக்குக் காப்புரிமை கிடைத்தது 1891-இல்தான். அதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் ஆண்டர்சனை அச்சடித்து விற்கலாம், அவருக்கு ஒரு காசு தர வேண்டாம். அந்தக் காலத்தில் ஸ்கடர் ஆண்டர்சனுக்குக் கடிதம் எழுதி, அவரோடு ஏற்பாடு செய்துகொண்டு ‘ஆசிரியர் பதிப்பு’ வரிசையைக் கொண்டுவந்தார். அந்த வரிசைக்காக ஆண்டர்சன் தன் கதையை 1855-இலிருந்து 1867 வரை நீட்டி எழுதிக் கொடுத்தார். அந்தப் பகுதி உலகில் முதலில் அச்சானது இந்த 1871 ஆங்கில நூலில். டேனிஷில் அது வந்தது 1877-இல். அதற்குள் ஆண்டர்சன் இறந்து இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. ஆக, இதுவும் ஓர் அசல் முதல் பதிப்புதான்.

கதை எங்கே முடிகிறது என்பதுதான் பெரிய கேள்வி என்றேனே, அதற்கு வருகிறேன். 1847 நூலில் ஒரு குறிகாரி வருகிறாள். பதினாலு வயதுப் பையன் ஆண்டர்சன், சொந்த ஊரான ஓடன்ஸேயை விட்டுக் கோபன்ஹேகன் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். தாய் குறி கேட்கிறாள். “உன் மகன் பெரிய ஆளாவான், அவனுக்காக ஒருநாள் ஓடன்ஸே ஊரே விளக்கேற்றும்” என்கிறாள் கிழவி. துணி வெளுத்துப் பிழைக்கும் தாய் அழுதுகொண்டே அனுப்பிவைக்கிறாள். 1847 நூலிலும் 1855 நூலிலும் இது வெறும் வாக்காகவே நின்றுவிடுகிறது.

1867 டிசம்பர் 6-ஆம் தேதி ஓடன்ஸே அவரைக் கௌரவக் குடிமகனாக்கி, நிஜமாகவே விளக்கேற்றியது. தீவட்டி ஊர்வலம், பாட்டு, சதுக்கம் முழுக்க ஜனம். ஆண்டர்சன் திறந்த ஜன்னலில் நிற்கிறார், உயிர் போகிற பல்வலியோடு. குளிர்காற்று பல்லில் ஏற, கையிலிருக்கும் பாட்டுத் தாளைப் பார்த்து இன்னும் எத்தனை சரணம் பாக்கி என்று எண்ணிக்கொண்டு நிற்கிறார். இந்தக் காட்சிக்கு 1871-க்கு வந்தால்தான் உண்டு. குறி பலிக்கும் இடமில்லாத சுயசரிதையை ‘முதல்’ என்பதற்காக மட்டும் பெரிய விலை கொடுத்து வாங்குவது எனக்கு ஏனோ ஒப்பவில்லை.

1847, 1855 நூல்களோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. பொறி இதிலும் உண்டு. இது பல ஆண்டுகள் மறு அச்சாகிக்கொண்டே இருந்த நூல். தலைப்புப் பக்கத்தில் 1871 என்ற ஆண்டும் ஹர்டு அண்ட் ஹௌடன் பெயரும் இரண்டுமே இருக்க வேண்டும். ஹௌடன் மிஃப்லின் என்றிருந்தால் அது 1880 அல்லது அதற்குப் பிந்தியது. உள்ளே பதிப்புரிமை ஆண்டு 1871 என்றிருப்பதை மட்டும் காட்டி விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

கோபன்ஹேகன், 1926

‘லெவ்னெட்ஸ்போகன்’. ஆண்டர்சன் 1832-இல், தன் முதல் குழந்தைக் கதை அச்சேறுவதற்கு மூன்று ஆண்டு முன்பு, எழுதிவைத்த சுயசரிதை. அவர் உயிரோடு இருக்கும்வரை வெளிவரவில்லை. ஹான்ஸ் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் 1926-இல் பதிப்பித்தார். உலகம் புகழ்வதற்கு முன் எழுதியது என்பதால் இன்னும் வெளிப்படையானது. டேனிஷ் தெரிந்தவருக்கு நல்ல வேட்டை, விலையும் அதிகமில்லை. மற்றவருக்கு அலமாரி அழகு, அவ்வளவுதான்.

கையெழுத்திட்ட பிரதி

சிலர் இதை ஆறாவது தேர்வாகக் கேட்கிறார்கள். ஆண்டர்சன் தன் நூல்களைப் பரிசாகக் கொடுக்கும்போது உள்ளே நாலு வரி எழுதிக் கொடுக்கும் பழக்கமுள்ளவர், அதனால் அப்படிப்பட்ட பிரதிகள் உலவுகின்றன. விலை ஏணியின் உச்சிப்படி இது. எழுத்து அவருடையதா, யாருக்கு எழுதினார், அந்தப் பிரதி கைமாறி வந்த வழி என்ன என்று மூன்றுக்கும் தாளில் பதில் வேண்டும். சந்தேகமிருந்தால் தனி நிபுணரிடம் காட்டும் கட்டணமும் சேரும். தாளை வெட்டி ஒட்டிய கையெழுத்தைக் ‘கையெழுத்திட்ட முதல் பதிப்பு’ என்று எழுதியிருந்தால் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள். இதை முதல் நூலாக வாங்குவது நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது.

பட்டியல் விலைக்கு மேலே

ஏலத்தில் எடுத்தால் சுத்தியல் விலையோடு (ஏலம் முடியும்போது நின்ற விலை) ஏல நிறுவனம் வாங்கும் ‘வாங்குபவர் கட்டணம்’ சேரும். பெரும்பாலும் 20 முதல் 30 விழுக்காடு. அதன்மேல் அந்த நாட்டு வரியும் வரலாம். ஏலத்தில் பிரதியைத் திருப்பித் தரும் வாய்ப்பும் குறைவு. நிறுவிய பழைய புத்தக வியாபாரியிடம் விலை கூடுதல், ஆனால் பக்கம் குறைந்தால் திரும்ப வாங்கிக்கொள்வார். என் இரண்டு தாள் கதைக்குப் பிறகு முதல் நூலை வியாபாரியிடம் வாங்குங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் கவனிக்க: இறக்குமதி அச்சு நூல்களுக்கு 2019 பட்ஜெட்டில் 5 விழுக்காடு சுங்க வரி வந்தது. நூறாண்டு கடந்த பழம்பொருள்களுக்குச் சுங்கப் பட்டியலில் தனித் தலைப்பு இருக்கிறது. இன்வாய்ஸில் நூலின் பெயரோடு பதிப்பாண்டையும் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பார்சல் ஏர்போர்ட்டில் உட்கார்ந்துகொள்ளும். பின்னாளில் வெளிநாட்டில் விற்கும் எண்ணமிருந்தால், பழம்பொருள் ஏற்றுமதி பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். உள்ளே வருவது சுலபம், வெளியே போவதற்கு அனுமதி கேட்க வேண்டிவரலாம்.

அப்புறம் நம் ஊர்க் காற்று. ஐரோப்பியக் குளிரில் 170 ஆண்டு நிம்மதியாக இருந்த தாள், ஐப்பசி மழையில் ஒரே மாதத்தில் பழுப்புப் புள்ளி போடும். பிளாஸ்டிக் பையில் இறுக்கி வைத்தால் இன்னும் மோசம். சுவரை ஒட்டாத அலமாரி, மாதம் ஒருமுறை எடுத்து விசிறி வைப்பது, ராமபாணப் பூச்சி தெரிகிறதா என்று முதுகுப் பக்கம் பார்ப்பது. இது காசில்லாத செலவு, ஆனால் விடாமல் செய்ய வேண்டும்.

சரி, எதை வாங்குவது

படிக்கத்தான் ஆசை என்றால் எதையும் வாங்க வேண்டாம். ஹோவிட்டின் மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசம். அசல் பிரதிகளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நடிகர் ஜீன் ஹெர்ஷோல்ட் கொடுத்த ஆண்டர்சன் சேகரிப்பு இருக்கிறது.

ஒரே ஒரு நூல், சுமாரான பணம், ஆங்கிலம் மட்டும் தெரியும் என்றால் 1871 நியூயார்க். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டேனிஷ் தெரிந்தவருக்கு 1855, இரண்டு பாகமும் சேர்ந்தே கிடைத்தால். பணம் ஒரு பொருட்டில்லை, வியாபாரியும் நம்பிக்கையானவர் என்றால் லண்டன் 1847-ஐயும் நியூயார்க் 1871-ஐயும் ஜோடியாக வையுங்கள். குறி ஒன்றில், பல்வலி மற்றதில்.

மதுரைக்காரருக்கு இதையே சுருக்கி எழுதினேன். லண்டன் பிரதியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும்படியும் சொன்னேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. கடைசிப் பக்கம் இருக்கிறதாம், ஆனால் அரைத்தலைப்புத் தாள் இல்லையாம். வியாபாரி விலையைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறார். இவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் 1871 பிரதி ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டாராம்.